செப்டம்பர் முதல் ஞாயிறு

ஜூன் இருபது ஆனால்
எங்கள் வீடு எங்களுடையதில்லை.
அப்பா சாவிகளில் எண்வில்லை மாட்டுவார்.
என் அறை இரண்டு, டிமெக்கின் அறை மூன்று,
அவர்கள் இருவரும் படுக்கிற அறை ஒன்று.
அதற்குத்தான் வாடகை அதிகம்:
சன்னலோரம் நின்று கழுத்தை வலப்பக்கம் ஒடித்தால்
பைன் மரங்களுக்கு நடுவே
ஒரு விரற்கடைக் கடல் தெரியும்.
‘கடல் நோக்கிய அறை’ என்று விளம்பரத்தில் எழுதினோம்.

நாங்கள் கார் கொட்டகைக்குக் குடிபோவோம்.
நான்கு மடக்குக் கட்டில், ஒரு மின்னடுப்பு,
கிரீஸ் வாசனை, தலைமாட்டில் சைக்கிள்கள்.
பால்டிக் மழை பிடித்துக்கொண்டால்
தகரக் கூரை எங்களைப் பேசவிடாது.
அறைகள் நிரம்பாத வருடங்களில்
அதுவும் நல்லதுக்குத்தான்.

கத்தோவிட்சேயிலிருந்து வியெச்சோரெக் குடும்பம்,
ஜூலை இரண்டாம் வாரம், வருடம் தவறாமல்.
அவர்கள் மகள் கிங்கா என் கட்டிலில் படுப்பாள்,
பத்து மாதம் என் தலை அழுத்திய குழியில்
அவள் தலை.
கோடு போட்ட காற்றுத்தடுப்புத் துணியைச் சுற்றிலும் நட்டு
மணலில் அவர்கள் நாடு பிடிப்பதை
துண்டுகளை அலசிய ஈரக்கையோடு
மணல்மேட்டில் நின்று பார்ப்பேன்.
அவள் அப்பா சிவக்கச் சிவக்கத் தூங்குவார்.
அவள் அம்மா நிமிடத்துக்கொருமுறை பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கத்துவாள்.
புகைபோட்ட மீனைத் தாளோடு பிரித்து
முள்ளைக் காற்றில் துப்புவார்கள்.
தண்ணீர் பதினாறு டிகிரி.
அலறிக்கொண்டே இறங்குவார்கள்.
அந்த அலறலுக்குப் பெயர்தான் விடுமுறை என்று
நினைத்துக்கொண்டிருந்தேன்.

கிங்கா ஒருநாள் கேட்டாள்:
“லீவுக்கு நீங்க எங்க போவீங்க?”
கொட்டகையைக் காட்டினேன்.
அவள் சிரிக்கவில்லை.
அதை மன்னிக்க எனக்கு வெகுநாள் ஆனது.

செப்டம்பர் முதல் ஞாயிறு.
கடைசிக் கார் போய் மூன்று நாள்.
மெத்தைகள் வேலியில் காய்ந்தன.
விட்டுப்போன பொருள்களின் பெட்டியிலிருந்து
யாருடையதோ வைக்கோல் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு
அப்பா தன் வீட்டு மணியைத் தானே அடித்தார்.
“அறை காலியா, அம்மணி?”
அம்மா ஏப்ரனில் கை துடைத்தாள்.
“கடல் தெரியுமான்னு கேட்கலையே?”
“தெரியாதுன்னு எனக்குத் தெரியும்.”

நாலு பேரும் போனோம்.
ஆளில்லாத கரையில்
யாரிடமிருந்து மறையவோ
காற்றுத்தடுப்பை நட்டார் அப்பா.
சுத்தியல் சத்தம் தண்ணீர்வரை போனது.
வாஃபிள் கடைக்கு அன்றுதான் கடைசி நாள்,
ஊர்க்காரர் சலுகை கேட்காமல்
முழுவிலை கொடுத்தோம்.
கிரீம் புளித்திருந்தது.
ஒருவரும் சொல்லவில்லை.

அப்புறம் அம்மா எழுந்தாள்.
பழைய நீல நீச்சலுடை,
தோள்பட்டையில் ஊக்கு குத்தி இறுக்கியது.
அலறல் இல்லை. காலால் தொட்டுப் பார்ப்பது இல்லை.
தெருமுனைக்குப் பால் வாங்கப் போகிறவள்போல
நடந்து இறங்கினாள்.
அம்மாவுக்கு நீந்தத் தெரியும் என்பது
டிமெக்குக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது.
அப்பாவுக்குத் தெரிந்திருந்தது,
மறந்திருந்தார்.

முதல் மணல்திட்டைத் தாண்டினாள், இரண்டாவதையும்.
தலை ஒரு மிளகளவு ஆனது.
அப்பா தொப்பியைக் கழற்றினார்.
“யோலாந்தா” என்று கூப்பிட்டார்.
பிறகு நாங்கள் கேட்டேயிராத ஒரு பெயர்,
“யோல்கா, யோல்கா”,
கையில் தின்று முடிக்காத வாஃபிள்.
மிளகு திரும்பிப் பார்த்ததா,
வெயில் கண்ணைக் கூசியது.

டிமெக் அலைகளை எண்ணினான்.
இருநூற்றுப் பத்தில் விட்டுவிட்டான்.

வந்தாள். உதடெல்லாம் நீலம்.
விருந்தாளிகளுக்கென்று ஒதுக்கிய நல்ல துண்டைப் போர்த்திக்கொண்டு
பல் கிடுகிடுக்க உட்கார்ந்து
“மூணாம் நம்பர் அறையில் குழாய் ஒழுகுது,
முதலாளிகிட்ட சொல்லுங்க” என்றாள்.

அப்பா மறுநாள் வாஷரை மாற்றினார்.
அது ஒழுகிக்கொண்டுதான் இருந்தது,
அடுத்த ஜூன்வரை.