முதுகுப் பக்கம்

நீஸ் நிலையத்தில் எல்லோரும் சொன்னார்கள்,
வலப்பக்கம் உட்கார், கடல் அந்தப் பக்கம் என்று.
தகவல் கவுண்டர்க்காரர் சொன்னார்.
ஹாஸ்டலின் மேல்கட்டிலில் இரவெல்லாம் குறட்டை விட்டவன்
பல் துலக்கிக்கொண்டே சொன்னான்.
நான் பையைத் தூக்கி மாட்டியதில் தள்ளாடி
பிளாட்பாரத்தில் ஒரு முழுச்சுற்று சுற்றினேன்.
எது வலம், எது இடம் என்பது
அதோடு போயிற்று.

பை அண்ணி ஒதீலுடையது. பதினான்கு கிலோ.
உள்ளே குடை இருக்கிறது; ரூபேயில் பிறந்தவள்
குடையில்லாமல் படி இறங்கமாட்டாள்.
கம்பளிச் சட்டை இரண்டு. கெட்டில் ஒன்று.
முப்பத்தொரு வயதில் முதல் பயணம்,
எதை விட்டுவிட்டு வரலாம் என்று தெரியவில்லை.
பதினோரு மாதம் இரவுக் கிடங்கில்
பார்சல் பிரித்துச் சேர்த்த காசு.
நீஸ், மோனகோ, மந்த்தோன்
என்று எத்தனை பெட்டிகளை
இந்தக் கையால் முன்னால் அனுப்பியிருப்பேன்!
இன்று நானே ஒரு பார்சல்.
எடை அதிகம். தலைகீழாக வைக்காதீர்.

ரயில் கிளம்பியது. என் ஜன்னலில் மலை.

வில்ஃபிரான்ஷில்
அந்தப் பக்கம் அத்தனை போன்களும் உயர்ந்தன.
பெட்டியே "ஓ" என்றது.
எனக்குக் கிடைத்தது அந்த ஓ.
என் பக்கம் கல்சுவர், வேலிதாண்டிய எலுமிச்சைக் கிளை,
மாளிகைகளின் கொல்லைப்புறம்:
காலி சிலிண்டர்கள்,
கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து புகைக்கும் சமையல்காரன்,
கொடியில் தலையணை உறைகள். எண்ணினேன்,
முப்பத்தாறு வரை.
பிறகு சுரங்கம். பிறகு இன்னொன்று.
வெளியே வரும் இமைப்பொழுதில்
என் கண்ணாடியில், தலைகளுக்கு மேலே,
அவர்களுடைய கடல் மின்னி
மறுபடி என் முகமாகிவிடும்.

மோனகோ நிலையம் மலையின் வயிற்றுக்குள் இருக்கிறது.
மேலே என்னவெல்லாமோ மினுங்குகிறதாம்.
கீழே துடைத்த தரையும் குழல்விளக்கும்தான்.
அங்கே ஏறியவர்கள்
கையில் செருப்புப் பை, கண்ணில் தூக்கம்,
சட்டையில் சலவைச் சோடா வாசனை.
ஒருத்தி எனக்கு எதிரே விழுந்தாள்,
ஷூவைக் கழற்றிக் கட்டைவிரலை அழுத்தினாள்.
ஒர்னெல்லா. ஒரு நாளைக்குப் பதினாறு அறை.
வேந்திமில்யாவில் வீடு, பத்தொன்பது வருடம் இதே ரயில்.
நான் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்ப்பதைப் பார்த்து,
"கடலா வேண்டும்?" என்றாள்,
உப்பா வேண்டும் என்பதுபோல.
வலப்பக்கம் தூங்கிக்கொண்டிருந்த தோழியைத் தட்டி எழுப்பி
இத்தாலிய மொழியில் ஏதோ சொன்னாள்.
பெட்டி பாதி சிரித்தது.
இடம் கிடைத்தது.

உட்கார்ந்தேன். மந்த்தோன் வரை வீடுகள்.
கடைசி நிறுத்தம் கராவான். இப்போது தெரியும் என்று
போனை எடுத்துத் துடைத்து வைத்துக்கொண்டேன்.
எனக்கும் கடலுக்கும் நடுவே
எதிர்த்திசை ரயில் வந்து நின்றது.

அதன் ஜன்னலில் ஒரு பையன்,
இருபது இருக்கும்.
இரண்டு போலீஸ்காரர்கள் அவன் பையைத் திறந்து
ஒவ்வொன்றாக இருக்கையில் வைத்தார்கள்.
ஒரு போர்வை. ஒரு சார்ஜர். ஒரு ஜோடிக் காலுறை.
என்னுடையதில் கால்வாசி இருக்காது.
எதை விட்டுவிட்டு வருவது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.
அவன் என்னைப் பார்த்தான். நான் போனை
மடியில் கவிழ்த்தேன்.
"தினமும்," என்றாள் ஒர்னெல்லா, கண் திறக்காமல்.
எங்கள் ரயில் முதலில் நகர்ந்தது.

வேந்திமில்யாவில் இறங்கி
நேர்சாலையில் பத்து நிமிடம் என்றாள், நடந்தேன்.
பட்டையில் ஒதீலின் பெயர் தடித்த மையில் இருக்கிறது.
இது யார் பை என்று
வடக்கிலிருந்து இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

கூழாங்கல் கரை.
பையைக் கழற்றி வைத்தேன், கெட்டில் உள்ளே உருண்டது.
கடல் அவர்கள் சொன்னதுபோல்தான் இருந்தது, பொய்யில்லை.
கொஞ்ச நேரம் பார்த்தேன்.
சட்டை முதுகில் பையின் அளவுக்கு நனைந்து
ஒட்டிக்கொண்டிருந்தது.
காற்று அந்தப் பக்கமிருந்துதான் வந்தது.
திரும்பி உட்கார்ந்து
புறமுதுகு காட்டிக் காயவைத்தேன்,
மேலே தண்டவாளத்தைப் பார்த்தபடி,
அடுத்த ரயில் போகும்வரை.