ஏப்ரலில் திருப்பித் தர வேண்டியது

நவம்பரில் கொடுத்தோம்.
சாம்பல் நிறக் கம்பளி. நடுவில்
துவைத்தாலும் போகாத கருமையில் முத்திரை:
"புனித ஆஸ்வின் சபையின் உடைமை."
அடகுக்கடைக்காரன் தொடக் கூடாதல்லவா.
முத்திரை குத்தியது நான். பதினாறு வயது.

கையுறையைக் கழற்றாமல்
திருமதி பாக்லிங்டன் கேட்டாள்:
கணவன் பெயர்?
ஆலைப் பஞ்சைக் கெசியா பிளெங்கின்
இருமித் தீர்க்கும்வரை
பேனா காத்திருந்தது.
"கப்பலில் போனவர்" என்றாள், பெயரே சொல்லாமல்.
பொய்யென்று மூவருக்கும் தெரியும்.
பொய்க்கு ஒரு கம்பளி;
மெய் சொன்ன டார்க்கஸ் ஹெப்பிள்
வெறுங்கையோடு பனியில் இறங்கிப் போயிருந்தாள்.

ஜனவரியில் குழந்தை அதற்குள்ளேயே விறைத்தது.
பெட்டிக்குக் காசில்லை.
சுற்றியபடியே இறக்கினார்கள்.
குழிவெட்டி எழுத்துக்கூட்டிப் படித்தானாம்,
"சபையின்... உடைமை...",
தொப்பியை எடுத்துவிட்டு
மண்ணைத் தள்ளினானாம்.

ஏப்ரல்.
துவைத்து மடித்த இருபத்தொன்பது வந்து சேர்ந்தன,
சவுக்கார வாசனையோடு.
முப்பதாவது பெயருக்கு நேரே
அவள் எழுதினாள்: "திரும்பவில்லை."
கொஞ்சம் யோசித்து,
"இனி இவளுக்கு இல்லை."

எனக்குத் தெரியும் அது எங்கே இருக்கிறதென்று.
வாய் திறந்தேன்.
அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

மை ஈரமாக இருந்தது.
ஒற்றுத்தாளை வைத்து
அழுத்தினேன்.