ஒரு சாண், பன்னிரண்டு நொடி

புந்தா அரேனாஸில் காற்று இப்படி அடிக்கும்போது
பல்வலிக்காரர்கள்கூட வெளியே வரமாட்டார்கள்.
கிளினிக்கை மூடப் போனேன்.
மில்யென்கா வந்தாள்.
குல்லாயைக் கழற்றாமல்
துண்டில் சுற்றிய ஒன்றை
நோயாளி படுக்கும் நாற்காலியில் கிடத்தினாள்.
"வாயைத் திறக்க மாட்டேங்குது டாக்டர்."

கேம்கோர்டர். அவள் அப்பாவுடையது.
பதினேழு வருஷமாக உள்ளே ஒரு டேப்.
மூன்று கடைக்காரர்கள் கைவிரித்துவிட்டார்களாம்.
ஒருவன் நெம்பிப் பார்த்த தழும்பு
மூடியின் ஓரத்தில் இருந்தது.
தழும்பு எனக்குப் பழக்கம்தான்,
வீட்டிலேயே பல் பிடுங்கப் பார்த்தவர்கள்
இப்படித்தான் வந்து சேர்வார்கள்.

விளக்கை இறக்கினேன். கையுறை.
ஒன்பது திருகாணி, எறும்பின் தலையைவிடச் சற்றே பெரியவை,
கிட்னி டிரேயில் கணக்காக வைத்தேன்.
பற்சக்கரங்களில் கடல் உப்பு
காறையாகப் படிந்திருந்தது.
சுரண்டினேன்.
(இதற்கு மட்டும் மரப்பு ஊசி வேண்டாம்.)
மோட்டாரின் கடைசிச் சக்கரத்தை
ஆய்வுக்கோலால் ஒவ்வொரு பல்லாகத் தள்ள
டிரம்மைச் சுற்றி இறுகியிருந்த நாடா
மூச்சுவிட்டதுபோல் தளர்ந்தது.
அவசரப்பட்டேன்.
சாண் இழுக்க முழம் சுருண்டது.

காத்திருந்த நேரத்தில் அவள் சொன்னாள்:
போர்வெனீர் படகு, ஜனவரி.
அவளுக்குப் பதினைந்து, டான்கோவுக்குப் பதின்மூன்று.
தவணை இன்னும் ஆறு மாதம் பாக்கி இருந்த கேமரா
இரண்டு கைகளுக்கு நடுவே விழுந்தது.
ஒரு அலை அதன்மேல் ஏறி இறங்கியது.
அவன்தான் என்றாள் இவள்.
இவள்தான் என்றான் அவன்.
அடி வாங்கியது அவன்.
இப்போது அந்தோபகாஸ்தாவில், செப்புச் சுரங்கத்தில்.
கல்யாணத்துக்கும் வரவில்லை.
"நான் அதைச் சொல்லிச் சொல்லி
எது நடந்துச்சுன்னு எனக்கே இப்போ தெரியலை."

கேசட் வந்தது,
நாடாவில் ஒரு சாண் மட்டும் கசங்கி.
என் சாண் அது. நொடிக் கணக்கில் பன்னிரண்டு.
வெட்டி ஒட்டிவிடலாம், மீதி பிழைக்கும் என்றேன்.
"அதுக்காகத்தான் வந்தேன்" என்றாள்.

கல்யாணங்களுக்குப் படம் எடுக்கும் ஒனோஃப்ரேயிடம்
பழைய கேமரா ஒன்றை இரவல் வாங்கினேன்.
ஓட்டினோம்.
கறுப்பும் வெள்ளையுமாகக் குட்டை ஓங்கில்கள்,
படகோடு பந்தயம்.
யாரோ ஆரஞ்சு தின்கிறார்கள்.
நீரிணை முழுக்க வெயில். அப்பாவின் ஷூ.
பிறகு கசங்கல் வந்தது:
படம் கட்டம் கட்டமாக உதிர்ந்து,
கை, வானம், கை,
நடுவே நறுக்கிய சத்தமாக
"பிடிச்சியா?"
"பிடிச்சிட்டேன்."
தளம். இருட்டு.

யார் கேட்டது, யார் சொன்னது?
பதின்மூன்று வயதுப் பையனின் குரல்
அப்போது உடைந்திருக்கவில்லை.
அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே தொண்டை.

இன்னொரு தடவை என்றாள். ஓட்டினேன்.
மூன்றாவது தடவைக்கு
நாடா தாங்காது என்றேன்.
ஓட்டச் சொன்னாள்.
தாங்கவில்லை.
அந்தச் சாண் மட்டும் ஹெட்டில் சிக்கிப் பிசிறாகி,
ஒனோஃப்ரேக்கு நான் புதுக் கேமரா
தேட வேண்டியதாயிற்று.

காற்று நின்றபாடில்லை.
வெகுநேரம் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.
பின் குல்லாயைக் கழற்றினாள்.
"பிடிச்சிட்டேன்னு சொன்னது நான்தான்."
குரல் தெரிந்ததா என்று கேட்டேன்.
"தெரியலை" என்றாள்.
போனை எடுத்து,
அங்கே இந்நேரம் ஷிஃப்ட் மாறும் என்று
திரும்பப் பையில் வைத்து,
வாசலுக்குப் போய் மறுபடி எடுத்தாள்.
நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

பதிவேட்டில் ஏதாவது எழுதியாக வேண்டும்.
பெயர்: மில்யென்கா வூக்கசோவிச்.
சிகிச்சை: பிடுங்கல், ஒன்று.
வலி என்று ஒரு கட்டம் உண்டு,
ஒன்றிலிருந்து பத்துவரை.
பேனா மூடியைக் கடித்துக்கொண்டு
ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.
இன்னும் பேசிக்கொண்டிருந்தாள்,
காற்றுக்கு முதுகைக் காட்டி.