கிளுவை கீறிய தோல்

பனியன் துணி மன்னிக்கும்.
பதினோரு வருஷம் ஓவர்லாக்கில் உட்கார்ந்தவள் சொல்கிறேன்:
கோணல் போனால் பிரி, இழு, மறுபடி தை.
ஊசி போன இடம்
ஒரு துவைப்பில் மூடிக்கொள்ளும்.

நூல் வெட்டும் கத்தரியை
இடுப்பில் செருகிச் செருகிக்
குத்துப்பட்ட இடம் மட்டும் மூடவில்லை.
துணியில் மூன்று உறை தைத்தேன்.
மூன்றிலும் மூக்கை நீட்டியது கத்தரி.

ஞாயிற்றுக்கிழமை ஈரோட்டில் இறங்கி
பவானி ரோட்டில்
மூக்கு சொன்ன சந்தில் நுழைந்தேன்.
"பர்ஸா, செருப்பா, என்னங்க செய்யப் போறீங்க?"
நிஜாமுதீன் கடையில் முதல் கேள்வி அதுதான்.
கத்தரியை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.
இரண்டு துண்டு தள்ளினார்.

ஒன்று குரோம், நல்ல சிவப்பு.
கசக்கினால் கேட்டுக்கொண்டது,
நிற்கச் சொன்னால் நிற்கவில்லை.
மற்றது ஆவாரம்பட்டையில் ஊறியது, வெல்ல நிறம்.
மடக்கினால் முறைத்தது.
நகத்தால் அழுத்தினேன்.
அழுத்தியதை வைத்துக்கொண்டது.

"வயித்துப்பக்கம் இழுபடுமுங்க, முதுகுப்பக்கம் நிக்கும்."
இது எனக்குத் தெரிந்த சங்கதி.
நிட்டிங் துணிக்கும்
நீளவாட்டில் ஒரு பேச்சு, அகலவாட்டில் ஒரு பேச்சு.

முழுத்தோல் சதுர அடிக் கணக்கு,
கழிவு கிலோ கணக்கு.
கழிவில் கிண்டி எடுத்த முதுகுத்துண்டில்
நீளமாய் ஒரு கீறல், வெளுத்து, மேடிட்டு.
"வேலியில ஒரசியிருக்குங்க, வேற பாருங்க."
கிளுவை முள்ளாகத்தான் இருக்கும்.
காங்கயம் பக்கம் எந்தக் கொறங்காட்டு வேலியோ,
எந்த எருமையோ,
அந்தப்பக்கம் அதற்கு என்ன பச்சை தெரிந்ததோ.
விலையைக் குறைத்தார். வாங்கிக்கொண்டேன்.

சாமான் பெரிசாக இல்லை.
குத்தூசி ஒன்று. முனை மழுங்கின ஊசி இரண்டு.
இரும்பு ஸ்கேல், ஒடித்து ஒடித்து வெட்டும் பிளேடு கத்தி,
நூலுக்குப் பூச ஒரு மெழுகுத்திரி.
தையல் இடைவெளி குறிக்க
நூடுல்ஸ் தின்னும் முள்கரண்டி:
நாலு பல், நாலு புள்ளி.
கடைசிப் புள்ளியில் முதல் பல்லை நிறுத்தி
அடுத்த மூன்று.

வீட்டுக்காரம்மா வாசலில் நின்று மோந்தார்.
"தோல் வேலையெல்லாம் ஊட்டுக்குள்ள எதுக்குங்?"
அவர் தோளில் தோல் பை.
தோல் செருப்பைப் படிக்குக் கீழே விட்டிருந்தார்.
நான் நூலை மெழுகில் இழுத்தேன்.
இன்னொரு முறை இழுத்தேன்.

முதல் உறைக்குள் கத்தரி நுழையவில்லை.
அளவெல்லாம் சரி, தடிமனை அளக்கவில்லை.
துணிக்குத் தடிமன் இருப்பதாக
யாரும் எனக்குச் சொன்னதே இல்லை.

இரண்டாவதில், கரண்ட் போன நேரம்,
குத்தூசி ஒரு விரற்கடை தள்ளி இறங்கிவிட்டது.
பிரிக்க அங்கே ஒன்றுமில்லை. ஓட்டைதான்.
தண்ணீர் தொட்டுத் தேய்த்தேன்,
சுத்தியால் தட்டினேன்,
கெட்ட வார்த்தை ஒன்று சொன்னேன்.
எல்லாம் கேட்டுக்கொண்டு அப்படியே இருந்தது.

மிச்சத்தைத் தைத்தேன்.
ஒரே நூல், இரண்டு முனையிலும் ஊசி,
ஒரே துளையில் எதிரும் புதிருமாய்.
இந்தப்பக்கம் அறுந்தாலும் அந்தப்பக்கம் பிடித்திருக்கும்;
என் மெஷினுக்கு இது தெரியாது.
விளிம்பை ஈரமாக்கிப் பனியன் வேஸ்ட்டால் தேய்க்க
சூடேறி வழவழத்தது.

திங்கட்கிழமை இடுப்பில் மாட்டிப் போனேன்.
செக்கிங் செல்வநாயகி வாங்கித் திருப்பிப் பார்த்தாள்,
வெளிச்சத்தில் பிடித்தாள்,
பழக்க தோஷத்தில்
சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை உரித்து
ஓட்டைக்கு நேராய் ஒட்டினாள்.
கீறலை விட்டுவிட்டாள்.

சரியான செக்கிங்.
நான் ஸ்டிக்கரை எடுக்கவில்லை.
நாலு மணி டீக்கு முன்
வேர்வையில் தானே விழுந்தது.