சொல்லாதைங்கோ

மணித்தியாலத்துக்கு இவ்வளவு பிராங்க் என்று
என் வாய்க்கு விலை உண்டு லுட்சேர்னில்.
கூட்டாதே, குறைக்காதே, உன் முகத்தை நடுவில் நுழைக்காதே:
மொழிபெயர்ப்பாளருக்கு அவ்வளவுதான் சட்டம்.
பன்னிரண்டு வருடம். ஒரு முறைப்பாடு இல்லை.

இன்று மாலை
றொய்ஸ் ஆற்றங்கரையில், சேசு சபையாரின் கோயிலில்,
கடைசி வாங்கில், ஈரக் குடையைக் காலடியில் போட்டுவிட்டு
நாளைத் திரும்ப நடந்து பார்க்கிறேன்.
அவர்களுடைய பழக்கம் இது; எனக்கும் ஒட்டிக்கொண்டது.
எடுத்தவுடன் பாவங்களை எண்ணுவதில்லை. முதலில் நன்றி.
பிறகு காலையிலிருந்து ஒவ்வோர் அறையாக,
பக்கத்தில் ஒருவர் விளக்குப் பிடித்து வர.

நன்றி சொல்ல இருந்தது.
டாக்டரின் பெயர் அம்மான். சுவிஸ்காரி, முப்பது வயதிருக்கும்.
சந்தியாப்பிள்ளை ஐயா கட்டிலில் நிமிர்ந்து,
"அம்மானோ! தாய்மாமன் வந்தால் நல்ல செய்திதான்" என்றார்.
அதையும் மொழிபெயர்த்தேன்.
அவள் சிரிக்கப் பார்த்தாள்.
பிறகு சொல்ல வேண்டியதைச் சொன்னாள்.
ஜெர்மனில் அது ஒரே சொல்.
நான் அதை மூன்றாக உடைத்து
ஒவ்வொன்றாய் அவர் பக்கத்தில் வைத்தேன்:
இனி
மருந்துக்குக்
கேளாது.

அவர் சுவரைப் பார்க்கவில்லை. அவளுடைய கையைப் பார்த்தார்.
"பிள்ளைக்குக் கை நடுங்குது. இருக்கச் சொல்லுங்கோ."
இப்படியொரு வசனத்தை
நான் அந்தக் கரைக்குக் கொண்டுபோனதே இல்லை.
டாக்டர் அம்மான் உட்கார்ந்தாள். பேனாவை மூடினாள்.

விளக்கு அங்கேயே நிற்கட்டும் என்றுதான் எனக்கு ஆசை.
அது தாழ்வாரத்துக்குப் போகிறது.

உள்ளே போகுமுன், கோப்பி மெசினுக்குப் பக்கத்தில்,
மகன் டிலக்சன் என் சட்டைக்கையைத் தொட்டான்.
"அப்பாவுக்கு நீங்கள் சொல்லாதைங்கோ, அக்கா."
முழுதாகத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை நான்.
"பொய் சொல்ல எனக்குச் சம்பளமில்லை, தம்பி.
அது அவற்றை சாவு, உம்மடையில்லை."
முழுக்க உண்மை.
தண்ணீர் மொண்டு கொடுக்கிற செம்பால்
தலையில் அடித்த மாதிரி உண்மை.
அவன் வாய் திறந்தது. அதே நேரம் கதவும் திறந்தது.

எதிரே நிற்பவர் சொன்னதற்கு
முதலில் ஒரு நல்ல அர்த்தம் தேடு;
கிடைக்காவிட்டால், என்ன நினைத்துச் சொன்னாய் என்று கேள்.
இந்தக் கோயிலைக் கட்டியவர்கள் வழிவழியாய்ச் சொல்வது.
அடுத்தவர் சொல்லுக்கு அர்த்தம் சொல்லியே
அரிசி வாங்குகிறவள் நான்.
கேட்கவில்லை.

ஸ்டேஷன் பஸ் தரிப்பில் அவன் நிற்கிறான்.
தொப்பியில் மழை. மிக்ரோஸ் பைக்குள் அப்பாவின் செருப்பு.
நான் மறைந்துகொள்ள ஒரு தூண் இருக்கிறது.
பெரிய தூண்தான்.

"நான் காலமை சொன்னது பிழையில்லை" என்று தொடங்கினேன்,
அந்த இடத்திலேயே அது பிழைத்துப்போயிற்று.
திரும்பத் தொடங்கினேன்.
"நீர் என்ன நினைச்சுச் சொன்னீர் எண்டு கேட்டிருக்க வேணும்.
இப்ப கேக்கிறன்."

ஒரு பஸ் வந்து, ஆட்களைக் கொட்டிவிட்டுப் போனது.
"நீங்கள் சொல்லாதைங்கோ எண்டனான்" என்றான்.
"நீங்கள்.
நான் சொல்ல இருந்தனான். ஒரு கிழமையாப் பாடமாக்கினனான்.
எனக்குத் தமிழ் அவ்வளவு வராது அக்கா.
கேளாது எண்ட சொல்லே எனக்குத் தெரியாது."

ஒரே வசனம்.
அழுத்தம் எந்தச் சொல்லில் விழுகிறது என்பதுதான்
என் தொழிலே.

மன்னியும் என்றேன்.
அதற்குப் பின்னால் வரிசையில் நின்ற
இரண்டு நல்ல காரணங்களையும்
தண்ணீரில்லாமல் மாத்திரை விழுங்குவதுபோல் விழுங்கினேன்.
"பாடமாக்கினதை எனக்கொருக்காச் சொல்லிக் காட்டும்."

ஏரிப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னான்.
நாலு இடத்தில் பிழை. ஓரிடத்தில் அழுகை.
"வியாழக்கிழமை இதை இப்பிடியே அவருக்குச் சொல்லும்" என்றேன்.
"நான் கோப்பி மெசினுக்குப் பக்கத்தில நிப்பன்."