மீதி இரண்டு

வால்விஸ் பே துறைமுகத்தில் எங்கள் ஆலைக்கு
இரண்டு கொடிக்கம்பம்.
காற்று ஒன்றுதான்.

ஸ்பெயினில் வீகோக்காரர்களுக்கு ஐம்பத்தொரு பங்கு,
விண்ட்ஹூக்கில் இருப்பவர்களுக்கு நாற்பத்தொன்பது.
ஹேக் மீனுக்கு இந்தக் கணக்கு தெரியாது.
வலையை விட்டு வந்த நொடியே
கெடத் தொடங்கிவிடுகிறது.

நான் துயேனிகேலாவோ, ஆலை மேலாளர்.
என் கையெழுத்துக்கு எல்லை ஐயாயிரம் டாலர், எங்கள் ஊர் டாலர்.
அதற்கு மேல் ஒரு செண்ட் என்றாலும்
அட்லாண்டிக்கின் மறுகோடிக்குப் போய்
இன்னொருவர் பேனாவுக்குக் காத்திருக்க வேண்டும்.

பிராயிஷை அனுப்பினார்கள்.
"இவர் எங்கள் கண்" என்றது கடிதம்.
முதல் மாதம் கண்ணாகத்தான் இருந்தான்:
பெட்டியை எண்ணினான், கையுறையை எண்ணினான்,
பெண்கள் கழிப்பறைக்குப் போய்வரும்
நிமிடங்களைக்கூட எண்ணினான்.
பிறகு எங்கள் மூடுபனி அவன் நெஞ்சில் இறங்கியது.
இருமலுக்கு நடுவே
ஒஷிவம்போவில் திட்டக் கற்றுக்கொண்டான்.

ஆகஸ்ட்.
வீகோ முழுக்கக் கடற்கரையில் கிடந்தது.
மூன்றாம் கம்ப்ரசர் எண்ணெய் கக்கியது.
ஸீல் விலை ஆறாயிரத்து இருநூறு.
குளிரறைக்குள் நாற்பது டன்.
மின்னஞ்சல் போட்டேன். தானாகவே பதில் வந்தது:
செப்டம்பர் முதல் தேதி சந்திப்போம்.
விண்ட்ஹூக்கைக் கேட்டேன்.
"எங்களுக்கு நாற்காலி கொடுத்திருக்கிறார்கள் அம்மா,
பேனா கொடுக்கவில்லை."

இரவு இரண்டு மணி.
மைனஸ் பதினாறு. மைனஸ் பதின்மூன்று.
தரையில் ஈரம் கோடு கோடாக.
பிராயிஷ் வெப்பமானியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
உதிரிபாகக் கடைக்காரரைத் தூக்கத்திலிருந்து எழுப்பிச்
சொன்னான்:
"பில்லை இரண்டாகப் போடுங்கள்."
மூவாயிரத்து நூறு. மூவாயிரத்து நூறு.
இரண்டு முறை கையெழுத்திட்டேன்.
அந்த நேரம்
கண் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது.

அந்தக் காலாண்டில்
ஆலை திறந்த நாள் முதல் காணாத லாபம்.
வீகோவிலிருந்து பதினெட்டுப் பக்க அறிக்கை,
வண்ண வரைபடங்களோடு:
தலைமையகத்தின் பிடி இறுகியதால் பலன் கிடைத்தது,
எனவே பிடி இன்னும் இறுகும்.
மேலாளர் கையெழுத்து எல்லை
இனி மூவாயிரம்.

பிராயிஷ் சத்தமாக வாசித்தான்.
பாதியில் சிரிப்பு வந்து இருமலாகிவிட்டது.
நான் அட்டைப்பெட்டி மூடியில்
ஆறாயிரத்து இருநூறை மூன்றால் வகுத்துப் பார்த்தேன்.

மீதி
இரண்டு.