விளிம்புத் துண்டுகள்

ஆஸ்பத்திரி கிறிஸ்துமஸ் குலுக்கலில்
எபனேசருக்கு விழுந்தது இந்தப் பெட்டி.
எழுநூற்று ஐம்பத்தொன்பது துண்டுகள்.
மூடியில் ஒரு கடிகாரக் கடை.
அதன் கீழே பொடி எழுத்தில்:
உள்ளே இருப்பது இதே படம் அல்ல.
மாறியதைக் கண்டுபிடி,
பூட்டிய கடையிலிருந்து வெளியே வா.

காகிதப்பட்டறையில் மாடி அறை எங்களுக்கு.
கட்டிலுக்கடியில் ஒரு பிளைவுட் பலகை.
இரவெல்லாம் அவன் எக்ஸ்ரே எடுக்கிறான்,
பகலெல்லாம் நான் ராணிப்பேட்டையில் தோல் வெட்டுகிறேன்.
காலை ஏழு பத்துக்கு அவன் படியேறுவான்,
நான் இறங்குவேன்.
சாவி கை மாறும்.
மாலையில் அதே படி, எதிர்த்திசை.

ஓரம் முழுக்க நானே முடித்தேன்.
நேர்க்கோடு இருந்தால் ஓரம்,
இதற்கு மூளை வேண்டாம்.
உள்ளே போனதும் ஆளுக்கொரு வழி.
உண்ணி கடித்த வடு, முள்கம்பி கிழித்த கோடு
எல்லாம் தப்பித்து அச்சு வைத்துப் பழகிய கை எனது;
நிறம் பார்க்காது,
துண்டின் தோளையும் இடுப்பையும் பார்க்கும்.
அவனுக்கு நிழல்தான் கணக்கு.
சாம்பலில் மட்டும் நாற்பது வகை தெரியும்.

டீக்கடை பில்லின் பின்னால் எழுதி வைத்திருந்தான்:
மேசையில் ஏழு குப்பி, சுவரில் ஆறு நிழல். ஏன்?
அடியில் எழுதினேன்:
பச்சைக் குப்பிக்கு நிழலில்லை.
பெட்டியில் அது சிவப்பு. ரசம் பிரிட்ஜில்.
மறுநாள்: கண்ணாடிக்குள் இருக்கும் பூனைக்கு
வால் எங்கே போச்சு?
பால் வாங்கவில்லை, மன்னிக்கவும்.

தண்ணீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை,
மரமில்லாத மலை என்று
அடுக்கிச் சொல்லியே வளர்ந்த ஊர்க்காரிக்கு
இல்லாததை எண்ணுவதா கஷ்டம்?
அவன் மார்த்தாண்டத்துக்காரன்.
இருப்பதை எண்ணியே பழக்கம்:
மழை, ரப்பர், மாமாக்கள்.

கத்திரி வெயில் வந்தது.
விசிறி போட்டால் துண்டு பறக்கும்,
போடாவிட்டால் உயிர் பறக்கும்.
ஈரத் துணி போர்த்திய ஜன்னலுக்குக் கீழே
ஒரு புதன்கிழமை இரவு
கடைசித் துண்டை நான் வைத்தேன், தனியாக.

ஆறு விடையும் கையில்.
ஆனால் மூடியில் கதவு இருந்த இடத்தில்
எங்கள் படத்தில் வெறும் செங்கல்.
மடித்துவைத்த தாளில் ஒரே ஒரு வரி:
முதலில் வைத்தது கடைசியில் திறக்கும்.
பதினோரு நாள் பலகை அப்படியே கிடந்தது.
அவன் சீட்டில் கேள்விக்குறி மட்டும்.
நானும் ஒன்று போட்டுவைத்தேன்.

அவன் ஓய்வு நாள் என் ஞாயிற்றுக்கிழமையில் விழ
ஏழு வாரம் ஆகும்.
விழுந்தது.
ஏழு பத்துக்குப் படியேறி வந்தவன்
செருப்பு மாட்டாத என் காலைப் பார்த்துச் சிரித்தான்.
பலகையை நடுவில் இழுத்துப்போட்டோம்,
எதிரெதிரே சம்மணமிட்டோம்.
"இந்தத் துண்டுகளின் நிழல் மட்டும் தப்பான பக்கம் விழுது"
என்று ஓரத்தைத் தொட்டுக்கொண்டே போனான்.
விரலால் தடவினேன்.
இடது ஓரத்துத் தோள்
வலது ஓரத்து இடுப்புக்கு அளவெடுத்தது போல.
பிடுங்க ஆரம்பித்தேன்.
"ஐயோ, முடிச்சதைக் கலைக்காதே!"
"ஓரமா இருக்குன்னு ஓரத்துக்குத்தானா?"

பன்னிரண்டு துண்டு சேர்ந்து
உள்ளங்கை அகலத்துக்கு ஒரு படம்:
செங்கல் சுவருக்குப் பின்னால்
கீழே இறங்கும் படிக்கட்டு.
அதில் யாரும் ஏறவில்லை,
யாரும் இறங்கவில்லை.

ஓரமெல்லாம் பல் விழுந்த பலகையை
அப்படியே கட்டிலுக்கடியில் தள்ளினோம்.
திங்கள் மாலை பில்லின் பின்னால்:
வெளியே வந்தாச்சு. எங்கே போகலாம்?

முதலில் தூங்கு என்று எழுதினேன்.
அப்புறம் அதை அடித்துவிட்டு,
பால் வாங்கு, யோசிப்போம்.